எடை குறைப்பு மருந்துக்கு இணையவழி மருத்துவச் சேவையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசியால் உடல் எடை கணிசமாகக் குறையும் என்று பத்தாண்டுகளுக்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால், அதை விளம்பரப் புளுகு என்றே ஒதுக்கியிருப்போம். இன்று அது பெரிய ஆய்வுகளில் நிறுவப்பட்ட உண்மை. 2021-இல் வெளியான ஆய்வொன்றில் 1,961 பேர் பங்கேற்றனர், செமாக்ளூடைடு 2.4 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடையை இழந்தார்கள், மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்கள் இழந்தது 2.4 சதவீதம் மட்டுமே. அடுத்த ஆண்டு வெளியான, டிர்செபடைடு என்ற இன்னொரு வாராந்திர ஊசி மருந்தைப் பற்றிய ஆய்வில், 15 மில்லிகிராம் அளவு பெற்றவர்கள் 72 வாரங்களில் சராசரியாக 20.9 சதவீதம் இழந்தார்கள். இரண்டு ஆய்வுகளிலும் மருந்தோடு உணவு, உடற்பயிற்சி ஆலோசனையும் எல்லோருக்கும் வழங்கப்பட்டது என்பதை விளம்பரங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

இந்த மருந்துகளைத் தேடி இணையத்துக்கு வருகிறவர்களிடம் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அருகில் உடல் பருமன் சிகிச்சையில் பயிற்சி பெற்ற மருத்துவர் இல்லாமல் இருக்கலாம். நேரில் போனால் “சாப்பாட்டைக் குறையுங்கள்” என்ற ஒற்றை வரி அறிவுரையோடு அனுப்பப்பட்ட அனுபவம் இருக்கலாம். உடல் பருமன் ஒரு நாள்பட்ட நோய். அதற்கு மருந்து கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாசல் சுலபமாகத் திறக்கிறது என்பதாலேயே உள்ளே இருப்பது நல்ல மருத்துவம் என்று ஆகிவிடாது.

இணையவழிச் சேவை ஒன்றில் சேரும்போது நான்கு பொருள்களுக்குச் சேர்த்துப் பணம் கட்டுகிறோம்: மருத்துவரின் முடிவு, மருந்துச் சீட்டு, மருந்து, அதற்குப் பிந்தைய கண்காணிப்பு. விளம்பரம் மூன்றாவதைப் பற்றியே பேசும். என் கணிப்பில் ஒரு சேவையின் தரத்தைக் காட்டிக்கொடுப்பவை முதலாவதும் நான்காவதும்தான்: தகுதியில்லாதவருக்கு “உங்களுக்கு இது வேண்டாம்” என்று சொல்லத் தெரிந்திருக்கிறதா, மருந்து தொடங்கிய பிறகு கூப்பிட்டால் மருத்துவம் தெரிந்தவர் பதில் சொல்கிறாரா. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் சோதிப்பதற்கான வழிகளே.

முதல் படி: எந்தத் தளத்தையும் திறப்பதற்கு முன், உங்களைப் பற்றிய தாள் ஒன்றைத் தயார் செய்யுங்கள்

உயரத்தையும் எடையையும் வீட்டிலேயே சரியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண். 1.65 மீட்டர் உயரமும் 82 கிலோ எடையும் உள்ளவருக்கு அது ஏறத்தாழ 30. அமெரிக்காவில் இந்த மருந்துகளுக்கு வழங்கப்பட்ட ஒப்புதலின்படி, பெரியவர்களுக்குக் குறியீட்டெண் 30-ஐத் தொட்டிருக்க வேண்டும். அல்லது 27-க்குக் குறையாமல் இருந்து, உயர் இரத்த அழுத்தம், இரண்டாம் வகை நீரிழிவு, இரத்தத்தில் கொழுப்பு மிகுதி, உறக்கத்தில் மூச்சுத் தடை போன்று எடையோடு தொடர்புள்ள நோய் ஒன்றாவது இருக்க வேண்டும். தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் வருவதால், பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு இத்தகைய வரம்புகளை அவர்களுக்கு 2.5 புள்ளி குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. உங்கள் வம்சாவளியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காத சேவை, இந்த நுட்பத்தைக் கவனிக்கவில்லை என்று பொருள்.

அடுத்து, இந்த மருந்தே ஆகாது அல்லது மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்ற நிலைகளில் ஏதாவது உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். உங்களுக்கோ இரத்த உறவினருக்கோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால், அல்லது எம்இஎன்-2 என்ற மரபுவழி நோய் உங்களுக்கு இருந்தால், செமாக்ளூடைடும் டிர்செபடைடும் கூடாது என்று அமெரிக்க மருந்துக் குறிப்பு முகப்பிலேயே எச்சரிக்கிறது. முன்பு கணைய அழற்சி வந்தவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், இரைப்பை மெதுவாகக் காலியாகும் கோளாறு உள்ளவர்கள், நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோர் இதையெல்லாம் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். உணவுப் பழக்கக் கோளாறு, அதாவது அளவு மீறி உண்பது, உண்டதை வலிந்து வாந்தியெடுப்பது போன்றவை எப்போதாவது இருந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். பசியை அடக்கும் மருந்து அத்தகையவர்களிடம் வேறு விதமான தீங்கைச் செய்யக்கூடும்.

பெண்கள் கூடுதலாக இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். செமாக்ளூடைடு உடலிலிருந்து பாதியளவு வெளியேறவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். டிர்செபடைடோ, வாய்வழிக் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடியது. ஆகவே அதைத் தொடங்கிய பின் நான்கு வாரங்களுக்கும், ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பின் நான்கு வாரங்களுக்கும் வேறு கருத்தடை முறையையும் பயன்படுத்த வேண்டும். மாத்திரை சாப்பிடும் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் டிர்செபடைடு அனுப்பும் சேவையை நான் நம்ப மாட்டேன்.

நீங்கள் தற்போது எடுக்கும் எல்லா மருந்துகளையும், அளவோடு, அதே தாளில் எழுதிவிடுங்கள். இன்சுலின், நீரிழிவுக்கான சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகள் ஆகியவற்றோடு இந்த ஊசியும் சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவுகள் இருந்தால் அவற்றையும் சேர்த்து வையுங்கள். பின்வரும் படிகளில் இந்தத் தாள் உங்களுக்கு அளவுகோலாக இருக்கும்: அதில் உள்ளதை ஒரு சேவை எவ்வளவு கேட்டுத் தெரிந்துகொள்கிறதோ, அவ்வளவு அது உங்களை நோயாளியாக மதிக்கிறது.

இரண்டாம் படி: மருந்துகளின் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

பெயர்க் குழப்பத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். செமாக்ளூடைடு என்பது மருந்துப் பொருள். அதை நோவோ நார்டிஸ்க் நிறுவனம் நீரிழிவுக்கு ஓசெம்பிக் என்றும், எடைக்கு வெகோவி என்றும் விற்கிறது. டிர்செபடைடு எலி லில்லி நிறுவனத்தின் மருந்து. நீரிழிவுக்கு அதன் பெயர் மவுன்ஜாரோ, எடைக்கு அமெரிக்காவில் செப்பவுண்ட், வேறு பல நாடுகளில் இரண்டுக்குமே மவுன்ஜாரோ. லிராக்ளூடைடு இவற்றுக்கு மூத்தது, தினமும் போட வேண்டியது. இவை தவிர, ஆர்லிஸ்டாட், நால்ட்ரெக்சோன்-புப்ரோபியான் போன்ற மாத்திரைகளும் உண்டு. அவற்றின் பலன் குறைவு என்றாலும் சிலருக்கு அவையே பொருந்தும். ஊசி ஒன்றைத் தவிர வேறு எதையும் பற்றிப் பேசாத சேவையில் உங்களுக்கு உண்மையான தேர்வு இல்லை.

மூன்றாம் படி: மருத்துவர் யார் என்று கண்டுபிடியுங்கள்

சேவையின் பக்கத்தில் மருத்துவர்களின் முழுப் பெயரும் பதிவு விவரமும் இருக்க வேண்டும். “அனுபவம் வாய்ந்த மருத்துவக் குழு” என்ற சொற்களுக்குப் பின்னால் பெயரே இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். பெயர் இருந்தால், நீங்கள் வாழும் நாட்டின் அல்லது மாநிலத்தின் மருத்துவப் பதிவேட்டில் அதைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலான மருத்துவ மன்றங்கள் தங்கள் பதிவேட்டைப் பொதுமக்கள் இணையத்தில் பார்க்க அனுமதிக்கின்றன. சில நிமிட வேலை. மருத்துவர் தகுதியுள்ளவரா என்பதோடு, நீங்கள் இருக்கும் இடத்தில் மருந்து எழுதும் உரிமை அவருக்கு இருக்கிறதா என்பதும் முக்கியம். மருந்தை அனுப்பும் மருந்தகத்தின் பெயரையும் உரிம எண்ணையும் இதே முறையில் சரிபாருங்கள். சேவை நிறுவனமும் மருத்துவரும் மருந்தகமும் மூன்று தனித்தனி தரப்பாக இருப்பது வழக்கம். பிரச்சினை வரும்போது ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டிவிடாமல் இருக்க, மூவரின் விவரமும் உங்களிடம் எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்காம் படி: கேள்விப் படிவத்தைக் கவனித்து நிரப்புங்கள்

ஒரு சேவையைப் பற்றி அதன் படிவமே நிறையச் சொல்லிவிடும். சில தளங்களில், உண்மையான எடையைப் பதிந்தால் “நீங்கள் இந்தத் திட்டத்துக்குத் தகுதி பெறவில்லை” என்று வரும். ஒரு படி பின்னால் போய் எட்டுக் கிலோவைக் கூட்டிப் பதிந்தால், அதே திரையில் அடுத்த நொடியே “வாழ்த்துகள்” என்று வந்து, பணம் கட்டும் பக்கம் திறக்கும். இடையில் யாரும் எதையும் சரிபார்க்கவில்லை. அத்தகைய இடத்தில் மருத்துவரின் முடிவு என்று எதுவும் நடப்பதில்லை. படிவம் ஒரு சடங்கு மட்டுமே.

இதை ஒழுங்குமுறை அமைப்புகளும் கண்டுகொண்டுள்ளன. பிரிட்டனின் மருந்தக ஒழுங்குமுறை மன்றம் 2025 பிப்ரவரியில் இணையவழி மருந்தகங்களுக்கான விதிகளைக் கடுமையாக்கியது: எடை குறைப்பு மருந்துகளை வெறும் கேள்விப் படிவத்தை வைத்து வழங்கக் கூடாது, எடை, உயரம், குறியீட்டெண் ஆகியவற்றைக் காணொளி ஆலோசனை, நேரடிச் சந்திப்பு, நோயாளியின் மருத்துவக் குறிப்பேடு போன்ற வேறொரு வழியில் தனியே உறுதிப்படுத்த வேண்டும். உங்கள் நாட்டில் இப்படிப்பட்ட விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய தரம் இதுதான். முதல் ஆலோசனை காணொளியிலோ குறைந்தபட்சம் தொலைபேசியிலோ நடக்க வேண்டும். மருத்துவர் குடும்ப நோய்களைப் பற்றியும் தற்போதைய மருந்துகளைப் பற்றியும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் தொடர்பான பரிசோதனைகள் தேவையா என்று முடிவெடுக்க வேண்டும். உங்கள் வழக்கமான மருத்துவருக்குத் தகவல் அனுப்ப அனுமதி கேட்டால், அதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். அது நல்ல அறிகுறி.

படிவத்தில் பொய் சொல்லத் தோன்றலாம். சிறிது எடையைக் கூட்டிச் சொன்னால் மருந்து கிடைத்துவிடும் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பொய்யான படிவத்தின் மேல் எழுதப்பட்ட சீட்டை வைத்துக்கொண்டு, பிறகு பக்க விளைவு வரும்போது யாரிடமும் முழு உண்மையைச் சொல்ல முடியாத நிலைக்கு நீங்கள் தள்ளப்படுவீர்கள். தகுதி இல்லை என்று ஒரு மருத்துவர் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். வேறு என்ன செய்யலாம் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவர் கிடைத்தால், மருந்து கிடைக்காவிட்டாலும் அந்த ஆலோசனைக்குக் கொடுத்த பணம் வீணாகவில்லை.

ஐந்தாம் படி: பெட்டியில் வரப்போவது எது என்று எழுத்தில் கேளுங்கள்

இந்தப் படியில் மிகுந்த நிதானம் தேவை. வரப்போவது தயாரிப்பு நிறுவனத்தின் முத்திரையோடு கூடிய, அரசு ஒப்புதல் பெற்ற பேனா ஊசியா, அல்லது மருந்தகம் தானே கலந்து தயாரித்துக் குப்பியில் நிரப்பித் தருவதா? அமெரிக்காவில் இரண்டாவது வகையைக் காம்பவுண்டட் மருந்து என்பார்கள். அசல் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் அது பெருமளவில் விற்கப்பட்டது. தட்டுப்பாடு தீர்ந்துவிட்டதாக அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, டிர்செபடைடுக்கு 2024 டிசம்பரிலும் செமாக்ளூடைடுக்கு 2025 பிப்ரவரியிலும் அறிவித்த பிறகும், பல தளங்கள் வேறு வேறு காரணம் சொல்லி அதை விற்றுக்கொண்டிருந்தன. இத்தகைய தயாரிப்புகளின் பாதுகாப்பையும் தரத்தையும் பலனையும் விற்பனைக்கு முன் எஃப்டிஏ ஆராய்வதில்லை. ஒரு நோயாளிக்கு ஒப்புதல் பெற்ற வடிவத்திலுள்ள ஏதோ ஒரு சேர்மானம் ஒவ்வாது என்பது போன்ற உண்மையான மருத்துவக் காரணம் இருந்தால், மருந்தகம் தனியே தயாரித்துத் தருவதற்கு இடமுண்டு. மலிவு என்பது அந்தக் காரணம் ஆகாது.

குப்பியில் வரும் மருந்தில் இன்னொரு ஆபத்து, அளவைக் கணக்கிடுவதில் இருக்கிறது. பேனா ஊசியில் அளவு ஏற்கெனவே அமைக்கப்பட்டிருக்கும், அல்லது எண்ணைத் திருகி வைத்தால் போதும். குப்பியிலிருந்து நீங்களே சிரிஞ்சில் எடுக்க வேண்டும். இன்சுலின் சிரிஞ்சில் கோடுகள் மில்லிகிராமில் இருக்காது, யூனிட்டில் இருக்கும். நூறு யூனிட் என்பது ஒரு மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டரில் 2.5 மில்லிகிராம் கரைந்துள்ள குப்பியிலிருந்து பத்து யூனிட் எடுத்தால் 0.25 மில்லிகிராம் வரும். அதுவே செமாக்ளூடைடின் தொடக்க அளவு. அடுத்த மாதம் மருந்தகம் 5 மில்லிகிராம் செறிவுள்ள குப்பியை அனுப்பிவிட்டால், அதே பத்து யூனிட்டில் இப்போது 0.5 மில்லிகிராம், அதாவது இரண்டு மடங்கு. லேபிளை உற்றுப் பார்க்காதவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. இப்படிப்பட்ட குழப்பங்களால் சிலர் 5 முதல் 20 மடங்கு வரை கூடுதலாகப் போட்டுக்கொண்டதாக எஃப்டிஏ 2024-இல் எச்சரித்தது. கடும் வாந்தியோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. தவிர்க்க முடியாத சூழலில் குப்பி மருந்துதான் என்றால், ஒவ்வொரு குப்பியின் செறிவையும், எத்தனை மில்லிகிராம், எத்தனை யூனிட் என்பதையும் மருந்தாளரே எழுதித் தர வேண்டும் என்று கேளுங்கள். முதல் ஊசியைக் காணொளியில் மருத்துவப் பணியாளர் ஒருவர் பார்க்கும்போது போடுங்கள்.

போலி மருந்தும் கற்பனை அல்ல. 2023-இல் பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலி ஓசெம்பிக் கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து, உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் உலகளாவிய எச்சரிக்கை வெளியிட்டது. மருந்துச் சீட்டே கேட்காமல் விற்பவர்கள், சமூக ஊடகத்தில் தனிச்செய்தி வழியே பேரம் பேசுபவர்கள், “ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்” என்று அச்சிட்ட பொடிக்குப்பியை அனுப்புபவர்கள் ஆகியோரிடமிருந்து எதையும் வாங்காதீர்கள். பெட்டி வந்ததும் மூடி முத்திரை, தொகுதி எண், காலாவதித் தேதி, எழுத்துப் பிழைகள், பேனாவின் நிறம் ஆகியவற்றைப் பாருங்கள். இந்த ஊசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டியவை. அறை வெப்பத்தில் குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டுமே தாங்கும், உறைந்துவிட்டால் பயன்படுத்தவே கூடாது. ஆகவே குளிர்ப்பொதி எப்படி அனுப்பப்படுகிறது, வழியில் தாமதமாகிச் சூடாக வந்தால் மாற்றித் தருவார்களா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மொத்தச் செலவைக் கூட்டிப் பாருங்கள்

பெரிய எழுத்தில் தெரியும் மாதக் கட்டணம் பெரும்பாலும் உறுப்பினர் கட்டணம் மட்டுமே. மருந்து தனி, பரிசோதனை தனி, அனுப்பும் செலவு தனி என்று பிறகு வரும். தொடக்க அளவுக்கு ஒரு விலையும் உயர்ந்த அளவுக்கு வேறு விலையும் இருக்கலாம். ஆகவே ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். 2025-இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் இத்தகைய நிறுவனம் ஒன்றின் மீது நடவடிக்கை எடுத்தது. விளம்பரத்தில் சொன்ன விலையில் மருந்து அடங்காது என்பதையும், ஓராண்டுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதையும் சரிவரத் தெரிவிக்கவில்லை என்பதும், வாடிக்கையாளர் கருத்துகள் பொய்யாக உருவாக்கப்பட்டன என்பதும் அதன் குற்றச்சாட்டுகள். எனவே வாடிக்கையாளர்கள் தந்ததாகக் காட்டப்படும் நட்சத்திர மதிப்பீடுகளை நம்புவதைவிட, ரத்து செய்யும் விதியை முழுதாகப் படியுங்கள். மருத்துவர் உங்களுக்கு மருந்து வேண்டாம் என்று முடிவுசெய்தால் பணம் திரும்புமா என்பதே அங்கே தேட வேண்டிய முதல் வரி. “திரும்பாது” என்று இருந்தால், மறுக்கப்படும் நோயாளிதான் இழப்பவர். காப்பீடு உள்ளவர்கள், முன் அனுமதி வாங்கித் தரும் பணியைச் சேவை செய்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

ஏழாம் படி: மருந்து தொடங்கிய பிறகு யார் இருப்பார்கள் என்று கேளுங்கள்

இந்த மருந்துகள் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தப்படுகின்றன. வெகோவியின் வழக்கமான அட்டவணை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 என்று கூடி 2.4-ஐ அடையும். டிர்செபடைடு 2.5-இல் தொடங்கும், பிறகு குறைந்தது நான்கு வார இடைவெளியில் 2.5 வீதம் கூட்டலாம். இந்த மெதுவான ஏற்றம் குடல் பழகுவதற்காக. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை அளவு கூடும் வாரங்களில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். அட்டவணைப்படி எல்லோரையும் தானாகவே மேலே ஏற்றுகிற சேவையும், ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்பும் “எப்படி இருக்கிறீர்கள், எவ்வளவு சாப்பிட முடிகிறது” என்று கேட்டு, தேவைப்பட்டால் அதே அளவிலேயே நிறுத்திவைக்கிற சேவையும் ஒன்றல்ல. குறைந்த அளவிலேயே நல்ல பலன் கிடைப்பவரை மேலும் ஏற்றத் தேவையில்லாமலும் போகலாம். அதை முடிவு செய்ய ஒரு மருத்துவர் உங்களைப் பார்த்தாக வேண்டும்.

சேர்வதற்கு முன் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பாருங்கள்: “ஊசி போட்ட மறுநாள் இரவு வாந்தி நிற்கவில்லை, தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் நான் யாரை அழைக்க வேண்டும்?” இதற்கு வரும் பதிலையும், வர எடுத்துக்கொண்ட நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். “எங்கள் செயலியில் செய்தி அனுப்புங்கள், மூன்று வேலை நாள்களில் பதில் தருவோம்” என்றால் அங்கே கண்காணிப்பு இல்லை. தொலைபேசி எண்ணும், செவிலியரோ மருத்துவரோ பேசுவார் என்ற உறுதியும், எந்த அறிகுறிக்கு நேராக அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும் என்ற விளக்கமும் வந்தால் நம்பிக்கை வைக்கலாம்.

அந்த அவசர அறிகுறிகளைச் சேவை சொல்லாவிட்டாலும் நீங்கள் தெரிந்துவைத்திருங்கள். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும், விடாத கடும் வலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், கண் மஞ்சளாதல் ஆகியவை பித்தப்பையைக் குறிக்கலாம். நிற்காத வாந்தியால் உடலில் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். செமாக்ளூடைடு எடுப்பவர்களில் மிக அரிதாகக் கண் நரம்பு பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் முடிவு செய்தது. எனவே பார்வை திடீரென்று மங்கினால் காத்திருக்கக் கூடாது. இவற்றில் எதற்கும் செயலியில் பதில் வரும்வரை காத்திருக்காமல், அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய், என்ன மருந்து, எந்த அளவு, கடைசி ஊசி என்று போட்டது என்பதைச் சொல்லுங்கள். அறுவைச் சிகிச்சையோ மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பரிசோதனையோ இருந்தால், இந்த ஊசியைப் பற்றி மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், பட்டினி இருந்த பிறகும் உள்ளே உணவு தங்கியிருக்கக்கூடும்.

மருந்து வருவது தடைப்பட்டால் என்ன செய்வார்கள் என்பதும் கேட்கத் தகுந்த கேள்வி. சில வாரங்கள் விட்டுப்போன பிறகு, முன்பிருந்த உயர்ந்த அளவிலேயே மீண்டும் போட்டால் குடல் அதைத் தாங்காது. தொடக்க அளவுக்கே திரும்ப வேண்டியிருக்கலாம். தாமதமாக வந்த பெட்டியைப் பிரித்து விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள்.

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் குறைகிறது. போதிய புரதம் உண்பதும், எடை தூக்கும் பயிற்சி போன்றவற்றால் தசையைக் காப்பதும் சிகிச்சையின் பகுதியே. இதற்கு உணவு ஆலோசகர் ஒருவரைத் தரும் சேவைக்குச் சற்றுக் கூடுதல் கட்டணம் கொடுப்பது தகும் என்பது என் கருத்து. ஆனால் தானியங்கிச் செய்திகளை அனுப்பும் செயலிக்குப் “பயிற்சியாளர்” என்று பெயரிட்டிருந்தால், அதற்காகக் கூடுதலாக ஒரு காசும் தர வேண்டியதில்லை.

எட்டாம் படி: உங்கள் தகவல் எங்கே போகிறது என்று பாருங்கள்

படிவத்தில் எழுதுவது உங்கள் அந்தரங்க உடல்நலத் தகவல். அதை விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்ததற்காக 2023, 2024 ஆண்டுகளில் சில இணையவழி நலச் சேவைகள் மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்துள்ளது. தனியுரிமைக் கொள்கையில் “விளம்பரம்”, “பங்குதாரர்கள்” என்ற சொற்கள் வரும் பத்திகளை மட்டுமாவது படியுங்கள். பணம் கட்டும் முன்பே, பாதி நிரப்பிய படிவத்திலேயே தொலைபேசி எண்ணையும் நோய் விவரத்தையும் வாங்கிக்கொள்ளும் தளங்களிடம் கவனமாக இருங்கள்.

ஒன்பதாம் படி: சேரும்போதே வெளியேறும் வழியைத் திட்டமிடுங்கள்

முன்னர் குறிப்பிட்ட செமாக்ளூடைடு ஆய்வின் தொடர்ச்சியில், மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் பங்கேற்றவர்கள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள் என்பது 2022-இல் வெளியானது. இது அவர்களின் மன உறுதிக் குறைவால் நேர்ந்ததல்ல. பசியை அடக்கிவைத்த மருந்து விலகியதும் நோய் திரும்புகிறது. ஆகவே “மூன்றே மாதத் திட்டம்” என்று விற்கும் சேவையிடம், நான்காவது மாதம் என்ன என்று கேளுங்கள். நீண்ட காலம் தொடர வேண்டியிருக்கலாம் என்பதையும், நிறுத்துவதானால் எப்படி, எந்தக் கண்காணிப்போடு என்பதையும் முதல் ஆலோசனையிலேயே பேசுகிற மருத்துவர் உங்களுக்கு வேண்டும். அந்தச் செலவை ஓராண்டுக்கும் மேல் தாங்க முடியுமா என்பதை, தொடங்குவதற்கு முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

நீண்ட ஒப்பந்தத்தில் உடனே சேராமல், முடிந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் சேருங்கள். அந்த மாதத்தில் வாக்களித்த ஆலோசனை நடந்ததா, கேள்விக்குப் பதில் வந்ததா, பெட்டி குளிர்ந்த நிலையில் வந்ததா, முதலில் சொன்ன தொகையே பிடிக்கப்பட்டதா என்று பாருங்கள். ஆலோசனைக் குறிப்பு, மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவுகள், ஒவ்வொரு ஊசியின் தேதியும் அளவும் ஆகிய எல்லாவற்றின் நகலையும் செயலிக்கு வெளியே உங்களிடம் வைத்திருங்கள். சேவையை மாற்றும் நாளில் புதிய மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான். விலகுவதாக முடிவு செய்தால், அடுத்த கட்டணத் தேதிக்கு முன்பே கோரிக்கையை எழுத்தில் அனுப்பி, கிடைத்ததாக அவர்கள் அனுப்பும் பதிலைச் சேமித்துக்கொண்டு, தேதி கடந்த பிறகு வங்கிக் கணக்கில் பணம் பிடிக்கப்படவில்லை என்பதைச் சரிபாருங்கள். பிடிக்கப்பட்டிருந்தால், அந்தப் பதிலின் நகலோடு அன்றே வங்கியில் முறையிடுங்கள்.